குருநகர்க் கரையும் கணினித் தேர்வும்

யாழ்நகரின் தென்புறத்தே, கடனீரேரியை அணைந்து கிடக்கின்றது குருநகர். கரையூர் என்பது இதன் பழம்பெயர். எதிரே மண்டைதீவு, கரையெங்கும் வள்ளங்கள், ஊரின் நடுவே நிமிர்ந்து நிற்பது புனித யாகப்பர் ஆலயம். இங்கு வீசும் உப்புக்காற்று எவ்விரும்பையும் விட்டுவைப்பதில்லை.

ஆதலின், வள்ளத்துக்கு இயந்திரம் வாங்குவோர் அதன் வலிமையை மட்டும் நோக்குவதில்லை. "சேர், பழுதானால் இஞ்சையே திருத்த ஏலுமோ எண்டுதான் முதலிலை பாப்பம்" என்றார் முதியவர் ஒருவர். பிள்ளைக்குக் கணினி வாங்க எண்ணும் பெற்றோருக்கும் இதனினும் நல்ல அறிவுரை வேறில்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. அதன் அடுத்த பதிப்பை ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கின்றது. யுனிக்ஸைப் போன்ற இவ்வியங்குதளத்தின் கருவை, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தம் சொந்தக் கணினிக்கென எழுதத் தொடங்கினார். இன்று அது விலையின்றிக் கிடைக்கின்றது. திரையிலுள்ள சொற்களைத் தமிழிலும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆயினும் எல்லா வன்பொருளும் லினக்ஸுடன் இணங்குவதில்லை. உறுப்பு ஒவ்வொன்றையும் இயக்குவதற்கு 'இயக்கி' எனும் நிரல் வேண்டும். உற்பத்தியாளர் தம் நுட்பத்தை வெளியிட்டால் அந்நிரல் லினக்ஸிலேயே இடம்பெறும். மறைத்தால் வாங்கியவர் பாடு திண்டாட்டமே.

எனவே சிலவற்றை முன்னரே நோக்குதல் நன்று. செயலி 64 பிட் ஆக இருத்தல் வேண்டும். 2025இல் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. 8 கிகாபைட் நினைவகமும், எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகமும் மாணவர் தேவைக்குப் போதும். வைஃபைக்கு இன்டெல் சில்லு பெரும்பாலும் தொல்லை தராது; பிராட்கொம் சில்லுகள் சிலவற்றுக்குத் தனி இயக்கி தேட நேரும். படத்திரைக்கு இன்டெல், ஏ.எம்.டி. உறுப்புகளின் இயக்கிகள் திறந்தவை. என்விடியாவின் சொந்த இயக்கியோ பழைய அட்டைகளைக் காலப்போக்கில் கைவிடுவது.

இவற்றையெல்லாம் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. லினக்ஸைப் பென்டிரைவ் ஒன்றில் பதிந்து கடைக்கே கொண்டுசெல்லலாம். கணினியில் எதையும் நிறுவாமலே அதனைத் தொடக்கி, வைஃபை, ஒலி, ஒளிப்படக்கருவி, மூடித் திறந்தால் விழிக்கும் தன்மை ஆகியவற்றைக் கால்மணி நேரத்தில் அறியலாம். இதற்கு இசையாத கடையில் பணத்தை நீட்டாதிருப்பதே அறிவுடைமை.

ஒரு பருவத்துப் பிடியின் மிச்சத்தைக் கொண்டு கணினி வாங்கும் குடும்பத்துக்கு, மறுமுறை வாங்க வசதி எளிதில் வாய்ப்பதில்லை.