கடல் கடப்பதா, காத்திருப்பதா?

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி முடிவு செய்ய அமரும்போது, படிப்பைப் பற்றி மட்டும் சிந்திக்கும் பெற்றோர் சிலரே. அக்கம்பக்கத்தார் என்ன சொல்வர், உறவினர் என்ன நினைப்பர் என்னும் எண்ணங்களும் அழையாமலே வந்து நம்மோடு அமர்ந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அதனை மறைக்காமல் எழுதினால், இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் ஒன்றிரண்டுக்கேனும் பயன்படும் என்று கருதி எழுதத் துணிந்தோம்.

நாங்கள் புனே நகரத்தைச் சேர்ந்த கோர்படியில் வாழ்பவர்கள். எங்கள் குடும்பத்துப் பெரியவர் 1958-ஆம் ஆண்டு அரக்கோணத்திலிருந்து வந்து, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தார். அவர் மறைந்துவிட்டார். அவருடைய துணைவியார், எங்கள் பிள்ளைகளுக்கு ஆயா, இன்றும் எங்களோடு இருக்கிறார். வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு அப்பால் மராத்தியுமாக வளர்ந்தவள் எங்கள் மகள்.

பல்மருத்துவத்தில் அவளுக்கு ஆசை வந்த வரலாற்றை முதலில் கூற வேண்டும். ஆயாவுக்கு ஊரிலிருந்தே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. இங்கு வந்தபின், அண்டை வீட்டு மராத்தியப் பெண்களைப் பார்த்து, வறுத்துப் பொடித்த புகையிலையாகிய மிஷ்ரியால் பல் தேய்க்கவும் கற்றுக்கொண்டார். எங்கள் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, இப்பகுதியில் நடந்த இலவசப் பல்மருத்துவ முகாமுக்கு அவரை அழைத்துச் சென்றாள். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் ஆயாவின் கன்னத்து உட்புறத்தில் வெண்மையான தடிப்பொன்றைக் கண்டார். உடனே சதைத்துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும், புகையிலையை அன்றே விட்டுவிட வேண்டும் என்றும் கூறினார். ஆயாவுக்குக் கடைத்தெரு மராத்தி தெரியும். மருத்துவர் பேசும் மராத்தி தெரியாது. அதனைத் தமிழில் எடுத்துச் சொன்னவள் எங்கள் மகளே. அது புற்றாக மாறுமுன் சிகிச்சை நடந்தது. அன்று முதல், "நானும் இதைத்தான் படிப்பேன்" என்று அவள் சொல்லி வந்தாள்.

சென்ற ஆண்டு நீட் தேர்வு எழுதினாள். பெற்ற மதிப்பெண் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. தனியார் கல்லூரிகளில் எஞ்சியிருந்த இடங்களின் கட்டணமோ எங்கள் கைக்கு எட்டவில்லை. அந்நிலையில் முகவர் ஒருவர் நகரத்து விடுதியொன்றில் பெற்றோரைக் கூட்டினார். பிலிப்பைன்ஸில் ஆறாண்டு, இரஷ்யாவில் ஐந்தாண்டு எனப் பல்மருத்துவப் படிப்புகளின் பட்டியலை நீட்டினார். திரும்பி வந்தவுடன் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்றும், இரண்டு வாரத்துக்குள் முன்பணம் கட்டவேண்டும் என்றும் கூறினார். துபாயிலிருந்து மகளின் மாமா தொலைபேசியில் பேசினார். "ஒரு வருடம் வீணாகக் கூடாது, அக்கா. அனுப்பிவிடுங்கள்" என்றார். அரக்கோணத்தில் இருக்கும் மனையை விற்றுவிடலாம் என்று நாங்கள் இருவரும் அன்றிரவே பேசிக்கொண்டோம்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. அந்த இரண்டு வாரத்தை விசாரணைக்குச் செலவிட்டோம். அறிந்தவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, திரும்பி வந்தவுடன் பெயர்ப்பலகை மாட்ட இயலாது. வெளிநாட்டில் பல்மருத்துவப் பட்டம் பெற்று வரும் இந்தியர், இங்கே பதிவு பெறுமுன், தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்பது விதி. பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ சென்று தொழில் செய்ய எண்ணினால், அந்நாடுகளின் தேர்வுகள் வேறு. எனவே இங்கே ஒரு தேர்வைக் கண்டு அஞ்சிக் கடல் கடப்பவர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, பெருஞ்செலவுக்குப் பின், மற்றொரு தேர்வின் முன் வந்து நிற்கின்றார்.

இரண்டாவது, பல்மருத்துவம் பெரும்பாலும் கைப்பழக்கம். உள்நாட்டில் நான்காண்டுப் பாடமும் ஓராண்டுப் பயிற்சியும் வைத்திருப்பதன் நோக்கமே, மாணவர் நோயாளிகளின் அருகில் நின்று கை பழகவேண்டும் என்பதுதான். நோயாளியோடு பேசத் தெரியாதவருக்கு அவர் வாயைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எங்ஙனம் மிகுதியாகக் கிட்டும்? இரஷ்யாவில் நோயாளி இரஷ்ய மொழியில்தான் தம் வலியைக் கூறுவார். அன்றியும், ஊருக்கு ஊர் நோய் வேறுபடும். பாக்கும் குட்காவும் மெல்லுவோரின் கன்னத் தசை நார்போல் இறுகி, நாளடைவில் வாயைத் திறக்க முடியாமற் போகும் நோய் நம் நாட்டில் மிகுதி. பாக்கு மெல்லாத நாடுகளில் மிக அரிது. ஆயாவின் வாயில் இருந்ததைப் போன்றவற்றை நாள்தோறும் காண வேண்டுமாயின், அதற்குரிய இடம் இந்த நாடே.

மூன்றாவது பணம். முகவர் காட்டிய கட்டணம் டாலரில் இருந்தது. 2015-இல் ஏறத்தாழ 64 ரூபாயாக இருந்த டாலர், 2025-இல் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆறாண்டுப் படிப்புக்கு இன்றைய விலையில் கணக்குப் போடுவது, கரை தெரியாத ஆற்றில் கால் வைப்பது போலாகும். மனை ஒன்றுதான், அதை விற்ற பணம் நான்காம் ஆண்டில் தீர்ந்துவிட்டால், மிச்சத்துக்கு எங்கே போவது? 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது, படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்த நம் மாணவர்களையும் நினைத்துப் பார்த்தோம்.

அடுத்து, இங்கே மீண்டும் முயல்வதற்குள்ள வழிகளை ஆராய்ந்தோம். நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்னும் வரம்பு இல்லை. அரசுக் கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காடு நாடு முழுவதற்கும் பொது. எஞ்சிய 85 விழுக்காடு அந்தந்த மாநிலத்தார்க்கு உரியது. எங்கள் மகள் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே தேறியவள். ஆதலால், குடியிருப்புச் சான்றோடு மகாராஷ்டிர மாநிலப் பங்கில் அவள் விண்ணப்பிக்கலாம். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள், பிறப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் காட்டித் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் இரண்டு மாநிலங்களிலும் உரிமை கோரலாகாது. ஆண்டுதோறும் வெளிவரும் விளக்கக் குறிப்பேட்டை வரிவிடாமல் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் பணி காரணமாகப் பம்பாயில் வளர்ந்த பழங்குடி மாணவர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறந்த மாநிலத்துப் பட்டியலில் பெற்ற சலுகை, குடியேறிய மாநிலத்துக்குத் தொடர்ந்து வாராது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டுச் சாதிச் சான்று பெட்டியில் இருக்கிறது என்னும் நம்பிக்கையில் இங்கே விண்ணப்பித்து, கடைசி நாளில் ஏமாந்த குடும்பங்களை நாங்களே கண்டிருக்கிறோம்.

இவ்வளவும் அறிந்தபின்னும் எங்கள் மனம் வெளிநாட்டின் பக்கமே சாய்ந்திருந்தது என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அதன் காரணத்தை எங்களுக்கு உணர்த்தியவர் ஆயாதான். ஒருநாள் இரவு உணவின்போது அவர் பேத்தியைப் பார்த்து, "உன் தாத்தா ஊரைவிட்டு வந்தது அங்கே சோறு இல்லாததால். நீ எதனால் போகிறாய், கண்ணு?" என்று கேட்டார். அவள் எங்களைப் பார்த்தாள். எங்களிடமும் விடை இல்லை.

விடை இல்லாமல் இல்லை. சொல்ல நாணினோம் என்பதே உண்மை. திருமண வீட்டிலும் கோயில் விழாவிலும், "பாப்பாவுக்கு எங்கே சீட்டு?" என்று கேட்போருக்கு மறுமொழி சொல்ல ஒரு கல்லூரியின் பெயர் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்காகவே மனையை விற்கத் துணிந்தோம்.

கடல் கடந்து படிப்பது குற்றமன்று. இந்தியாவின் முதல் பல்மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் நிறுவிய ரபியுதீன் அகமது, அமெரிக்காவிலுள்ள அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்றவர். அவர் புறப்பட்ட நாளில் இந்நாட்டில் பல்மருத்துவத்துக்கெனக் கல்லூரியே இல்லை. கற்றுத் திரும்பியபின், சோடாக் கடையொன்றை நடத்தி அதன் வருவாயைக் கொண்டு கல்லூரியைப் பேணினார். சென்னையிலும் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல்மருத்துவக் கல்வி தொடங்கிவிட்டது. இன்று நாடெங்கும் 300-க்கு மேற்பட்ட பல்மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அகமது அவர்களுக்கும் எங்கள் பெரியவருக்கும் புறப்பட ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு இருந்தது கூச்சம் மட்டுமே.

பெற்றோர் பணிபுரியும் நாட்டிலேயே வளர்ந்து, அம்மொழியைக் கற்று, அங்கேயே வாழ எண்ணும் பிள்ளைக்கு அந்நாட்டுக் கல்லூரி பொருத்தமானதே. அத்தகையோரை இங்கு நாங்கள் கூறவில்லை.

மறுநாள் மகளோடு அமர்ந்து பேசினோம். முதன்முறையாக அவள் விருப்பத்தைக் கேட்டோம். "ஒரு வருடம் கொடுங்கள், அப்பா. கிடைக்காவிட்டால் பி.எஸ்ஸி. சேர்ந்துவிடுகிறேன். மனையை விற்க வேண்டாம், அம்மா" என்றாள். நாங்கள் பல வாரங்கள் அலைந்து தேடிய முடிவை அவள் முன்னமே எடுத்து வைத்திருந்தாள், நாங்கள்தாம் கேட்கவில்லை.

எனவே ஓராண்டு காத்திருப்பது என்று உறுதி செய்தோம். ஒரு முறைதான், அதற்குமேல் இல்லை. இயற்பியலில் அவள் பின்தங்கியிருந்ததால் அதற்கு மட்டும் தனி ஆசிரியர். சான்றிதழ்கள் யாவும் தேர்வுக்கு முன்பே ஆயத்தம். யார் கேட்டாலும், "இவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை, மீண்டும் எழுதுகிறாள்" என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. இவற்றுள் கடைசியே கடினமாக இருந்தது. ஆனால் இரண்டு மூன்று முறை சொன்னபின் கேட்பவர்களே குறைந்துவிட்டார்கள்.

வரும் மே திங்களில் அவள் மீண்டும் தேர்வு எழுதுகிறாள். இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று எங்களுக்குத் தெரியாது. விடியற்காலையில் வண்டிகளின் ஓசையோடு அவளும் எழுந்துவிடுகிறாள். ஞாயிறுதோறும் கைவிளக்கு எடுத்து ஆயாவின் கன்னத்தை உள்ளே பார்த்து, "சுத்தமாக இருக்கிறது" என்கிறாள்.

உங்கள் இல்லத்திலும் இவ்வினா எழுமாயின், கல்லூரியின் கட்டணத்தை விசாரிக்குமுன் ஒன்றைக் கேளுங்கள். நம் பிள்ளை எந்த நாட்டில், எந்த மொழி பேசுவோருக்கு மருத்துவம் செய்யப் போகிறது? அதற்கு விடை கிடைத்தால், செல்ல வேண்டிய திசை தானே தெரியும். அவ்விடையைப் பிள்ளையிடமே கேளுங்கள்.