ஊதா மூடிக் குழாய்

டெங்கு வந்துபோன பிறகு நம் ஊரில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு கிடையாது. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் குறைவு என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் 48,000 என்று பார்த்ததும் வீடே ஆடிப்போனது.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. பித்தப்பைக் கல்லை எடுக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் பரிசோதனைதான். "இந்தக் கவுண்ட்ல கத்தி வைக்க முடியாதும்மா. எலும்பு மஜ்ஜை டெஸ்ட்கூடத் தேவைப்படலாம்" என்று சொல்லி சர்ஜன் தேதியைத் தள்ளிவைத்தார். கையில் இருந்த எண்ணை வைத்து அவர் சொன்னது நியாயம்தான். அன்று மாலை தெருமுனை லேபில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். 1,52,000 என்று வந்தது.

இரண்டும் கெட்ட செய்தியாக இருந்தால் மனம் ஒருவழியாக அதில் போய் உட்கார்ந்துவிடும். ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்றால் எதிலும் நிற்காது. அக்கா கையையும் காலையும் திருப்பித் திருப்பிச் சிவப்புப் புள்ளி தேடினாள். பல் தேய்த்துத் துப்பிய நுரையை உற்று உற்றுப் பார்த்தாள். அம்மா பப்பாளி இலையை அரைக்க ஆரம்பித்துவிட்டாள். "இன்னொரு லேப்ல பார்த்துடுவோம், மூணுல ரெண்டு எது சொல்லுதோ அதான் சரி" என்றார் அத்தான். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மூன்றாவதாக ஓர் எண் வந்தாலும், முதல் இரண்டும் ஏன் மோதின என்பதை அது சொல்லாது. அந்த 'ஏன்' தெரியாதவரை பயம் போகாது.

வேறொரு மருத்துவரிடம் கேட்கலாம் என்றதும் "டாக்டர் கோவிச்சுக்கிட்டா?" என்ற தயக்கம் வந்தது. இந்தத் தயக்கத்தாலேயே எத்தனையோ குடும்பங்கள் கேட்காமல் இருந்துவிடுகின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன. எங்கள் விஷயத்தில் சட்டம் பேச வேண்டிய தேவையே வரவில்லை. இரண்டு தாள்களையும் பார்த்த சர்ஜன், ரத்தவியல் மருத்துவருக்குத் தானே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்த மருத்துவர் அம்மா தாள்களைக் கையில் வாங்கும் முன் அக்காவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்தி மண்ணீரலைத் தேடினார், மாதவிலக்கைப் பற்றி விசாரித்தார். பிறகு, "ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு, எண்ணினது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. முதல் ரத்தம் காலையில் எடுக்கப்பட்டு, வண்டியில் பெரிய லேபுக்குப் போய், பிற்பகலில் எண்ணப்பட்டது. தெருமுனையில் மெஷின் அடுத்த அறையிலேயே இருந்தது.

ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையாமல் தடுப்பது அதன் வேலை. ஆயிரத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு அந்தக் குழாய்க்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேரம் ஆக ஆக ஒட்டுவதும் கூடும். மெஷின் அந்தக் கொத்தைப் பிளேட்லெட் என்று எண்ணாது. உடம்புக்குள் எந்தக் குறையும் இல்லை, குறை குழாய்க்குள் மட்டும்தான்.

லேபில் கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தேய்த்துச் சாயமேற்றிய ஸ்மியரை எங்களுக்கும் காட்டினார்கள். மைக்ரோஸ்கோப்பில், ஸ்மியர் மெலிந்து முடியும் ஓரத்தில், சர்க்கரையை மொய்த்த எறும்புகள்போல ஊதாப் புள்ளிகள் கூடிக் கிடந்தன. சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து உடனே எண்ணியபோது 1,88,000. அந்தக் குழாயில் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, இரண்டு லட்சத்துக்கு மேல்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. பயாப்சி விஷயத்தில், தேர்ந்த இரண்டு நோயியல் நிபுணர்கள் ஒரே ஸ்லைடைப் பார்த்து நேர்மையாகவே வேறு வேறு முடிவுக்கு வரலாம். அங்கே ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப்போய் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் காத்திருப்பு கொடுமையானது. எண்ணை மாற்றிக் காட்டுவது குழாய் மட்டுமல்ல. முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில தைராய்டு பரிசோதனைகளைப் புரட்டிவிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி கூடுதலாகக் காட்டலாம். எதிலும் எண்ணுக்கு முன்னால் ஒரு மனுஷி இருக்கிறாள், அவள் சாப்பிட்ட மாத்திரை இருக்கிறது, ரத்தம் எடுத்த நேரம் இருக்கிறது.

அக்காவின் ஃபைல் அட்டையிலேயே அந்த மருத்துவர் "இடிடிஏ குழாயில் பிளேட்லெட் ஒட்டும், சிட்ரேட் பயன்படுத்தவும்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார். அறுவை நல்லபடி முடிந்தது.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. இப்போதைய மெஷின்கள் பல, கொத்து இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் திரையில் எச்சரிக்கின்றன. எங்களுக்கு வந்த முதல் தாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. 48,000 என்ற எண்ணும் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியும்தான். திடீரென்று இவ்வளவு குறைந்த எண் வந்தால் ஸ்மியரைப் பார்த்து, என்ன தெரிந்தது என்று அதே தாளில் எழுதி அனுப்ப வேண்டும். லேப் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான்.