விலகிப் போனவரின் கணக்கு

திங்கள்

வாடிக்கையாளர் உதவித் தளத்தை அடையாள ஆளுகைத் தளத்தோடு இணைக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது. ஒரு பக்கம் ஸென்டெஸ்க், மறுபக்கம் செயில்பொயின்ட். முன்னதில் வாடிக்கையாளர்கள் முறைப்பாடு எழுதுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் பதில் போடுகிறார்கள். பின்னது, யாரிடம் எந்த அனுமதி இருக்கிறது, யார் கொடுத்தது, இன்னும் தேவையா என்று விடாமல் கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு வேலை செய்யும் எங்களைப் போன்ற கந்தோர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். படிப்பு முடித்து வந்து சேரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடத்தில் கொழும்புக்கோ கனடாவுக்கோ வெளிக்கிடுகிறார்கள். வாழ்த்தி அனுப்புகிறோம். அன்றைக்கே அவர்களின் கணக்கும் மூடப்பட வேண்டும்.

செவ்வாய்

முழுநாளும் பயனர் பட்டியலோடு போனது. ஸென்டெஸ்கில் வாடிக்கையாளர், முகவர், நிர்வாகி எல்லோரும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது ‘பாத்திரம்’ என்ற புலம். வடிகட்டாமல் இழுத்தால், முறைப்பாடு எழுதிய ஒவ்வொருவரும் ஊழியர் போல ஆளுகைத் தளத்துக்குள் வந்து குவிவார். ஆகவே முகவரையும் நிர்வாகியையும் மட்டும், பக்கத்துக்கு 100 பேராக எடுத்தோம். அடுக்கடுக்காகக் கேட்டால் 429 என்ற பதில் வரும். எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். பொறுத்துக் கேட்கும்படி நிரலை எழுதியாயிற்று.

புதன்

கணக்குகளை மின்னஞ்சல் முகவரியை வைத்து ஆளணிப் பதிவேட்டோடு பொருத்தினோம். பொருந்தாமல் நின்றவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, “அக்கா, இவர் கனடாவுக்குப் போய் எத்தினை மாசம்! கணக்கு இன்னும் திறந்துதான் கிடக்கு” என்றான்.

அந்தக் கணக்குக்கு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், பணம் திரும்பி வரவில்லை என்று எழுதிய கடிதம் எல்லாமே தெரியும். போனவரில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. வாடகை வீட்டை விட்டுப் போகிறவரிடம் திறப்பைத் திருப்பி வாங்க அவர் கள்ளனாக இருக்க வேண்டியதில்லையே. அவருடைய கடவுச்சொல் வேறெங்காவது கசிந்தால் யார் நுழைவார் என்பதுதான் பயம். கணக்கை இடைநிறுத்துமுன் அவர் பெயரில் முடியாமல் கிடந்த முறைப்பாடுகளை வேறொருவருக்கு மாற்றச் சொன்னேன். இல்லாவிட்டால் பதிலுக்குக் காத்திருக்கும் மனிதரை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

வியாழன்

மதியம் பிள்ளைகளை இருத்தி ஒக்டாவுக்கு நடந்ததைச் சொன்னேன். நிறுவனங்களுக்கு உள்நுழைவுப் பாதுகாப்பை விற்கும் அமெரிக்க நிறுவனம் அது. 2023 செப்டெம்பர் 28 முதல் ஒக்டோபர் 17 வரை அதன் வாடிக்கையாளர் உதவித் தளத்துக்குள் அந்நியர் புகுந்து கோப்புகளை எடுத்தனர். பழுது பார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் இணைத்து அனுப்பிய ஹார் கோப்புகள் (உலாவியில் நடந்தவற்றின் பதிவுகள்) சிலவற்றில், கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் அமர்வுத் தோக்கன்களும் இருந்தன. 134 வாடிக்கை நிறுவனங்களின் கோப்புகள் பார்க்கப்பட்டன. 5 நிறுவனங்களில் அந்தத் தோக்கன்களை வைத்தே உள்ளே நுழைந்தார்கள்.

வழிவிட்டது ஒரு சேவைக் கணக்கு. மனிதருக்காக அல்லாமல் மென்பொருளின் பயனுக்காகத் திறந்த கணக்கு அது. ஊழியர் ஒருவர் அலுவலக மடிக்கணினியில் தன் சொந்தக் கூகிள் கணக்கில் நுழைந்திருந்தார். சேவைக் கணக்கின் கடவுச்சொல் அதில் சேமிக்கப்பட்டிருந்தது என்று ஒக்டா சொன்னது. சொல்லி முடிக்கும்வரை பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி, “அப்ப எங்கட சேவைக் கணக்கு ஆற்ற பொறுப்பில இருக்கு?” என்று கேட்டாள்.

வெள்ளி

அவள் கேட்டது சரியான கேள்வி. நாங்கள் எழுதிய இணைப்பே அப்படியொரு கணக்கால்தான் ஸென்டெஸ்குக்குள் போகிறது. ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இன்று அதற்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரைப் போட்டோம். காலாண்டுக்கு ஒருமுறை குழுத் தலைவர் சரிபார்க்கும் பட்டியலில் அதை முதல் வரியாக வைத்தோம். பொறுப்பாளர் விலகினால், அவர் போகும் நாளிலேயே அடுத்தவர் பெயர் ஏற வேண்டும்.

தனிப்பட்ட தரவை அனுமதியற்ற கைகளிலிருந்து காக்கும் கடமையை, இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வைத்திருப்போர் மேல் சுமத்துகிறது. சட்டம் வருமுன்பும் அந்தக் கடமை இருந்தது. முன்பின் தெரியாத எங்களிடம் தன் கஷ்டத்தை எழுதுகிறவர், பதில் சொல்ல வேண்டியவர்தான் அதை வாசிப்பார் என்று நம்பி எழுதுகிறார். வருகிற திங்கள் முதல், ஆளணிப் பதிவேட்டில் ஒருவரின் கடைசி நாள் முடிந்ததும் அவருடைய கணக்கு தானாகவே மூடும்.