வாளின் வம்சாவளி

சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு வாள் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு இறங்கி, தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறிவிடும். “திப்பு சண்டையில கெடைச்சது” என்பது வீட்டுப் பேச்சு. எங்களுக்கு வேலூர். 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் ஆங்கிலேயப் படை இங்கிருந்துதான் மைசூர் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பியது. அதில் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எங்கள் முன்னோர் ஒருவர் அவர்களோடு நடந்து போயிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் திப்புவின் வாள் ஒன்றை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விற்றது. டீக்கடையில் நான் கொதித்தேன். செத்தவன் வீட்டில் புகுந்து எடுத்ததை இருநூறு வருஷம் கழித்து ஏலம் போடுகிறார்கள், வெட்கமே இல்லையா என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கேட்டேன். அன்று ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, நம் வாளில் ஏதாவது எழுத்து பொறித்திருக்கிறதா என்றும் கேட்டேன்.

இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்த மனசைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அதன்பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்தது, திப்புவும் இறந்தார். அன்றிரவு சிப்பாய்கள் ஊரைச் சூறையாடினார்கள். அதை அடக்க ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி சிலரைத் தூக்கில் போட வேண்டியிருந்தது. ஆனால் கணக்கு எழுதிச் செய்த சூறை குற்றமாகவில்லை. கைப்பற்றியதை மதிப்பிட்டுப் பங்கு பிரிக்கத் தனிக் குழுவே இருந்தது. திப்புவின் சிம்மாசனத்தை அவர்கள் துண்டு துண்டாக உடைத்தார்கள். ஹாரிஸின் பங்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பவுண்டுக்கு மேல். பிறகு பதக்கமும் வந்தது, புலியை ஒரு சிங்கம் வீழ்த்துகிற படத்தோடு. பெரிய தளபதிகளுக்குத் தங்கம், கேப்டன்களுக்கு வெள்ளி, சிப்பாய்க்கு வெள்ளீயம். எங்கள் ஆளுக்கு அந்த ஈயமாவது கிடைத்ததோ என்னவோ.

ஏலம் போன வாளைப் படை சார்பில் டேவிட் பெயர்டுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். கோட்டைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1780இல் நம் காஞ்சிபுரத்துப் பக்கம் பொள்ளிலூரில் திப்புவின் அப்பா ஹைதரின் படையிடம் பிடிபட்டு, அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு சில வருஷம் கிடந்தவரும் அவரே. யார் எடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் எல்லாம் ஆதாரத்தோடு இருக்கிறது. இங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த வாளுக்கு அவ்வளவு விலை ஏற்றியது இரும்பும் பொன்வேலையும் மட்டுமில்லை. எவனிடமிருந்து பறித்தது என்ற அத்தாட்சி. இந்தச் சந்தையில் பறித்ததற்குச் சான்று எவ்வளவு உறுதியோ அவ்வளவு காசு.

அப்படியானால் நான் ஆசைப்பட்டது என்ன? எங்கள் முன்னோர் ஒரு பிணத்தின் கையிலிருந்து அந்த வாளை உருவினார் என்று யாராவது நிரூபித்துவிட வேண்டும் என்றுதானே!

சித்தப்பாவிடம் நைச்சியமாகப் பேசி வாளைச் சென்னையில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கொண்டுபோனேன். நூறு வருஷம் கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு உரிமையில்லை, உள்நாட்டில் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும் என்கிறது 1972ஆம் வருஷத்துச் சட்டம். அவரிடம் உரிமம் இருந்தது. வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கைப்பிடியை நகத்தால் சுரண்டினார். “கதை நல்லாருக்கு சார். காகிதம் ஏதாச்சும்?” என்றார். இல்லை என்றேன். ஜமீன் வீடுகளில் ஊர்வலத்துக்கு வைத்திருந்த வாளாகவும் இருக்கலாம் என்று சொல்லி, ஒரு பழைய சைக்கிளுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு தொகை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாரசீக எழுத்து வேணும்னா பொறிச்சுத் தர ஆள் இருக்கு” என்றார்.

சீ என்று எழுந்து வந்தேன் என எழுதத்தான் ஆசை. எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைதான் என்னைத் துரத்தியது, நேர்மை இல்லை.

வாளைத் திருப்பிக் கொடுத்தபோது, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்றேன். லண்டன்காரனிடம் நான் எதிர்பார்த்த பெருந்தன்மையை வீட்டில் சோதித்துப் பார்க்கிற எண்ணம்.

“ஆயுத பூஜைக்கு வெளிய எடுக்க விடுவானா?” என்றார் சித்தப்பா.

“விடமாட்டாங்க.”

“அப்புறம் என்ன?”

“சித்தப்பா, கதை உண்மைன்னா இது நம்ம வாளே இல்ல. மைசூர்க்காரன் எவனோ ஒருத்தனோடது. அவன் பேரப்பசங்க எங்கயாவது இருப்பாங்க.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்: “அப்ப கதை பொய்யின்னே வச்சுக்கடா. வாள் இருக்கட்டும்.”