ஒரே டிக்கெட்டில் மலையும் தேரும்!

“மாப்ளே, ஒரே டிக்கெட்ல ரெண்டு புண்ணியம். விடலாமா?” என்று அத்தான் போன் பண்ணியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஆடி அமாவாசைக்கு சதுரகிரி மலை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர். அநேக வருஷங்களில் இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாள்தான் இடைவெளி. 2024-ல் ஆகஸ்ட் 4 ஞாயிறு அமாவாசை, 7 புதன் தேர். ஞாயிறு மலை ஏறி இறங்க வேண்டியது. திங்கள், செவ்வாய் ராஜபாளையத்தில் சித்தி வீட்டுத் திண்ணையில் காலை நீட்டவேண்டியது. புதன் காலை தேர் வடம் பிடித்துவிட்டு, ராத்திரி ரயிலேறி, வியாழக்கிழமை ஆபீஸ். அத்தான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். நானும் பி.காம். லீவைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் எங்கள் ஜாதிக்கு உள்ள சந்தோஷம் மற்றவர்களுக்குப் புரியாது.

அத்தானுக்கு வயது 46. தொப்பை உண்டு, ‘பெரிசா ஒண்ணும் இல்லை’ என்பது அவர் கட்சி. தினம் ஒரு பி.பி. மாத்திரை. எக்ஸர்சைஸ் என்று பார்த்தால், கார் பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் வரைக்கும் நடப்பார்.

பொதிகை எக்ஸ்பிரஸில் போனால் விடிகிற நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டும் இரண்டு உலகம். வில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி நடக்கும் ஊர். 11 நிலை, 192 அடி கோபுரம் தெருவுக்குத் தெரு எட்டிப் பார்க்கும். அந்தக் கோபுரத்துக்கு அடுத்தபடி ஊரில் மரியாதை பால்கோவாவுக்கு. பாலையும் சர்க்கரையையும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார். 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. அத்தான் இறங்கின கையோடு கால் கிலோவைக் காலி பண்ணினார். “சாமி கும்பிட வந்த இடத்துல கணக்குப் பாக்கக் கூடாது மாப்ளே!”

ராஜபாளையம் மில் சங்குக்கு எழுந்து பழகின ஊர். மேற்கே திரும்பினால் வாசல் வரை வந்து நிற்கிற மாதிரி மலை. ராஜுக்கள் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுவார்கள். சென்னை மாகாணத்தின் பிரதமராகவும், 1950-க்குப் பிறகு முதலமைச்சராகவும் இருந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜாவின் சொந்த ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி போடும் சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி அங்கேதான் நெய்கிறார்கள். அப்புறம் அந்த நாய். வெள்ளை உடம்பு, ரோஸ் கலர் மூக்கு. 2005-ல் தபால் தலையிலேயே வந்துவிட்டது. சித்தியின் எதிர்வீட்டில் ஒன்று இருந்தது. அத்தானை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, ‘இதைத் துரத்த நான் எழுந்திருக்கணுமா?’ என்பதுபோல் மறுபடி படுத்துக்கொண்டது.

ஞாயிறு விடிகாலை 3 மணிக்கு வேன். கிருஷ்ணன்கோவில் வரை மதுரை ரோடு, அங்கே இடதுபக்கம் திரும்பி வத்திராயிருப்பு, அதற்கும் மேற்கே தாணிப்பாறை அடிவாரம். இது 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அதனால் வனத்துறை கேட்டில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

சித்தி கொடுத்தனுப்பிய இட்லியை அத்தான் தொடவில்லை. “விரதம்.”

“மாத்திரை?”

“வெறும் வயித்துல எப்படிப் போடறது? இறங்கி வந்து போட்டுக்கறேன்.”

தண்ணீரும் அளவாகத்தான் குடித்தார். வழியில் ஒதுங்க இடம் இருக்காதாம்.

மேலே சுந்தர மகாலிங்கம் சன்னதி வரை பத்து கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். படிக்கட்டு என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். பாறை, வேர், ஓடை, மறுபடி பாறை. வழுக்குப்பாறை என்று ஒன்று. பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஓடைகள் சொல்லாமல் கொள்ளாமல் பொங்கும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிர்கள் போயின.

முதல் அரை மணி நேரம் அத்தான் புலி. காலேஜில் ஃபுட்பால் ஆடியதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார். எங்களை முந்திக்கொண்டு போன இளவட்டங்களைக் கண்டதும் வேகத்தைக் கூட்டினார். இந்த ஆண்பிள்ளை ரோஷம் இருக்கிறதே, அதற்கு ஒரு தனி மாத்திரை கண்டுபிடித்தால் தேவலை.

எங்கள் பின்னாலேயே ஒருவர் வந்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். தலையில் அன்னதானத்துக்கான அரிசி மூட்டை, காலில் செருப்பு கிடையாது. வேகமும் கிடையாது, ஆனால் நிற்கவும் மாட்டார். ஒவ்வொரு முறையும் நாங்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது, “வாங்க சாமி, மெல்ல வாங்க” என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போவார். கொஞ்ச தூரத்தில் அத்தான் அவரை ஓட்டமும் நடையுமாக முந்துவார். மறுபடி உட்காருவார். முயல், ஆமை கதையை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

கோரக்கர் குகையைத் தாண்டியதும் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பாறையில் கையை ஊன்றி நின்றார். விடிகாலைக் குளிர் இன்னும் போகவில்லை. அவர் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

“கேஸ் மாப்ளே... வெறும் வயிறு இல்லையா. நெஞ்சுல ஏறி நிக்குது. தாடை வரைக்கும் இழுக்குது.”

கூட்டம் கூடினால் நம் ஊரில் எல்லாரும் டாக்டர். ஒருவர் சோடா தேடினார். ஒருவர் ஓமவாட்டர் பாட்டிலை நீட்டினார். “ஏப்பம் விட்டாச் சரியாயிரும், மேல வந்துட்டீங்க, சாமியை நினைச்சு நாலு எட்டு வச்சிருங்க” என்றார் இன்னொருவர். அத்தானும் ஒரு எட்டு எடுத்து வைத்தார். ஒப்புக்கொள்கிறேன், நானும் ‘கேஸாத்தான் இருக்கும்’ என்று அவர் கையைப் பிடித்து மேலேதான் இழுத்தேன்.

அரிசி மூட்டைக்காரர் மூட்டையை இறக்கிவைத்தார். அவர் மூட்டையை இறக்கி அன்றுதான், அப்போதுதான் பார்த்தேன்.

“சாமி, உக்காருங்க. ஏறவும் வேணாம், இறங்கவும் வேணாம். இது கேஸ் இல்ல. நான் பாத்திருக்கேன்.”

‘நான் பாத்திருக்கேன்’ என்று அவர் சொன்ன விதத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆடி அமாவாசைக் கூட்டத்தில் மலை ஏறும்போது மாரடைப்பில் பக்தர் மரணம் என்று பேப்பரில் பெட்டிச் செய்தியாகப் படித்திருப்பீர்கள். நாம் பெட்டிச் செய்தியைத் தாண்டி சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுவோம். அவர் அந்தப் பெட்டிச் செய்திகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்.

குரல் கொடுத்து டோலிக்காரர்களை அவரே வரவழைத்தார். நாலு பேர் அத்தானைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏறுகிற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தால் சிக்னல் இல்லை. சிக்னல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

அடிவார மருத்துவ முகாமில் ஒரு இளம் டாக்டர். நாடியைப் பிடித்தார், இரண்டு கேள்வி கேட்டார், ஆஸ்பிரினைக் கையில் கொடுத்துச் சப்பி விழுங்கச் சொன்னார், 108-ல் ஏற்றிவிட்டார். ஈ.சி.ஜி. எடுத்ததுமே மாரடைப்பு என்று உறுதியாகிவிட்டது. அன்று மாலை மதுரையில் ஒரு ஸ்டென்ட். பிழைத்துக்கொண்டார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டொரன்டோவில் இருக்கும் என் காலேஜ் நண்பனுக்குச் சேதி சொன்னேன். “இங்கே இதுக்குப் பேரு பனி வாருறதுடா!” என்றான்.

அங்கே ஒரு ராத்திரி பனி கொட்டினால், காலையில் ஆபீஸ் போகிறவர் வீட்டு வாசலில் காரை எடுக்க மண்வெட்டி மாதிரி ஒன்றால் வாரித் தள்ள வேண்டும். வருஷம் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருந்த 50 வயதுக்காரர், எழுந்த அரைமணி நேரத்தில் ஈரப்பனியை வாரத் தொடங்குவார். சிலர் அங்கேயே விழுந்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1990-லிருந்து 2006 வரையிலான கணக்கில், பனி வாரும்போது இறந்தவர்கள் 1,647 பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்; அத்தனையும் இதயத்தால் வந்த மரணம். 1995-ல் ஒரு ஆராய்ச்சியில், ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 10 பேரை வாரச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டே நிமிஷத்தில் இதயத் துடிப்பு அவரவர் உச்ச அளவில் 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

உச்ச அளவு என்பதற்குத் தோராயமாக ஒரு கணக்கு உண்டு: 220-லிருந்து வயதைக் கழிக்க வேண்டும். அத்தானுக்கு 174. அதில் 85 சதவீதம், 148. வயது ஏற ஏற இந்த வரவு குறைந்துகொண்டே வரும். நம் ரோஷம் மட்டும் 20 வயது பட்ஜெட்டிலேயே செலவழிக்கும்.

பனி வாருவதில் இன்னும் சில வில்லங்கம் உண்டு. வேலை முழுக்கக் கைக்கு. கையால் தம் கட்டிச் செய்கிற வேலையில் ரத்த அழுத்தம் எகிறும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும். சதுரகிரியில் பனி ஏது? ஆனால் விடிகாலை, வெறும் வயிறு, போடாத மாத்திரை, குடிக்காத தண்ணீர், இளவட்டங்களோடு போட்டி என்று அத்தான் தனக்கான பனியைத் தானே கொட்டிக்கொண்டார். கோவை வெள்ளியங்கிரியிலும் 2024 சீசனில் ஏறும்போது பலர் இறந்தார்கள். இதயக் கோளாறு, மூச்சுக் கோளாறு இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே கேட்டுக்கொண்டது.

அப்படியானால் அறுபது தாண்டிய அந்த மூட்டைக்காரர்? இதற்கும் கணக்கு இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வருகிற வாய்ப்பு, சாதாரண நேரத்தைவிட எத்தனை மடங்கு? வாரத்துக்கு ஐந்து நாளோ அதற்கு மேலோ உடம்பை வேலை வாங்குகிறவர்களுக்கு 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒரு நாள்கூட அசையாதவர்களுக்கு 107 மடங்கு! சாதாரண ஒரு மணி நேரத்தில் ஆபத்து மிக மிகச் சின்னது என்பதால், பெருக்கினாலும் பெரும்பாலானோர் சாமி கும்பிட்டுவிட்டு நல்லபடியாகத்தான் இறங்குகிறார்கள். ஆனாலும் 107-க்கும் 2.4-க்கும் உள்ள வித்தியாசத்தில் மலை ஒன்றுதான், வயதும் பெரிசில்லை. அவர் நேற்றும் ஏறியிருந்தார். அத்தான் அதற்கு முன் ஏறியது, லிஃப்ட் ரிப்பேரான அன்று, இரண்டு மாடி.

புதன்கிழமை காலை மதுரையிலிருந்து நான் மட்டும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வேண்டுதல் அக்காவுடையது; ஐ.சி.யு. வாசலில் வேண்டிக்கொண்டது.

தேர் என்றால் அது தேர். ரத வீதியே அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஒரு காலத்தில் நிலைக்கு வந்துசேரப் பல நாள் ஆகுமாம். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தபின் சில மணி நேர வேலைதான். தாம்புக்கயிறு என் தொடை கனம். பிடித்திருந்தவர்களைப் பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டிய உள்ளூர் விவசாயிகள், காலேஜ் பையன்கள். நடுநடுவே எங்கள் இனம், பேண்ட், சட்டைப்பையில் பேனா, லேசான தொப்பை. பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கண் பிதுங்க இழுத்தார்கள். டாக்டர்கள் பனியில் செய்யாதே என்று சொல்கிற அதே தம் கட்டல். உள்ளூர்க்காரர்களோ ஒவ்வொரு இழுப்புக்கும் “கோவிந்தா... கோபாலா!” என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார்கள். கத்தினால் மூச்சு வெளியே போய்த்தானே ஆகவேண்டும்? பக்திக்காகக் கத்தினார்களோ, அனுபவத்தில் கண்டுபிடித்தார்களோ, நல்ல ஏற்பாடு. பக்கத்தில் பேனாக்காரர் ஒருவருக்கு மூச்சு வாங்கியது. “சார், கோவிந்தா சொல்லுங்க” என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

எனக்கு 37. 220-ல் கழித்துப் பார்த்தேன். பிறகு வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக நடந்தேன்.

போன் அடித்தது. அத்தான். குரல் கொஞ்சம் தேறியிருந்தது.

“என்ன மாப்ளே, தேர் இழுத்தியா?”

“தொட்டுக் கும்பிட்டேன் அத்தான்.”

“அதான பாத்தேன்! அந்தப் பெரியவருக்கு ஏதாவது குடுத்தியா?”

“நேத்து தாணிப்பாறை போய்க் கேட்டேன். மேல போயிருக்காரு, சாயங்காலம்தான் இறங்குவாருன்னாங்க.”

அத்தான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“சரி... பால்கோவா வாங்கினியா?”

“அரைக் கிலோ.”

“எனக்கு ஒரு ஸ்பூன்...”

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.