பத்தமடை: கோரை கீறும் கை

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள்கூடப் பத்தமடையைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் வரும் ஊர். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிற பூமி. மலேயாவில் டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இங்கேதான். மற்றபடி வெளியூர்க்காரர்களுக்குப் பத்தமடை என்றால் பாய். அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை.

பாய் பார்க்க வருகிறவர்கள் நேரே தறியிடம் போய் நின்றுவிடுகிறார்கள். படம் எடுக்கத் தோதானது அதுதான். நான் போன வீட்டில் தறிக்குப் பக்கத்தில் என்னை நிற்கவிடவில்லை. "நெய்யுதத பொறவு பாக்கலாம் தம்பி. மொதல்ல இங்க வாங்க" என்று அந்த அம்மாள் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அறுபது வயதைத் தாண்டியவர். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையில் உட்கார்ந்து, ஒரு பச்சைக் கோரைத் தண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். உருட்டிப் பார்த்தால் மூன்று பட்டை. உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோல் சோறு. மேலே வழவழப்பான தோல். பாய்க்கு வேண்டியது தோல் மட்டும்தான்.

சிறு கத்தியைத் தண்டின் நுனியில் வைத்தார். கத்தி நகரவில்லை; இன்னொரு கை கோரையைத்தான் இழுத்தது. தண்டு நெட்டுக்குப் பிளந்தது. பிறகு உள்சோற்றைச் சுரண்டி எடுத்தார். அப்போதும் பார்வை கத்திமேல் இல்லை, என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். கீறிய கோரையை வெயிலில் காயப்போட்டால் பச்சை போய் மஞ்சளோடும். அதை வேகவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போட வேண்டும். ஊறினால் உப்பும். எடுத்துக் காயவைத்து மறுபடி கீறினால்தான் நூல் மாதிரி இழை வரும். சாதாரணப் பாய்க்கு இவ்வளவு பாடு இல்லை, தண்டை இரண்டு மூன்றாகப் பிளந்தால் போதும். பட்டுப்பாய் என்று இங்கே சொல்லும் நயமான பாய்க்குத்தான் இத்தனை சுற்று.

"எத்தன நாளு ஊறணும்னு கணக்கு உண்டாம்மா?"

"கணக்கு என்ன கணக்கு. அவசரப்பட்டு எடுத்துட்டா கீறும்போது பிஞ்சிரும். ஒரு நா கூடக் கெடந்தா அழுகிரும். கையில எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஓடுத தண்ணியாத்தான் இருக்கணும். தொட்டியில போட்டா நெறம் கெட்டு நாத்தம் வந்திரும்."

அங்கேதான் எனக்கு இந்த ஊரின் தொழில் பிடிபட்டது. தமிழ்நாட்டில் கோரைப்பாய் நெய்யாத வட்டாரம் குறைவு. வந்தவாசிப் பாய்க்குப் பெயர் உண்டு. கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் கோரையை வயலில் பயிராகவே போடுகிறார்கள். அந்தக் கோரை பத்தமடைக்கும் வருகிறது. தறியும் ஏறக்குறைய ஒன்றுதான். பத்தமடைக்கு மட்டும் உரியது, ஒரு புல்லைத் தண்ணீரில் பக்குவப்படுத்தி, பிய்ந்துபோகாமல் எவ்வளவு மெல்லியதாகக் கீறமுடியும் என்கிற அறிவு. ஹசன் பாவா லெப்பை என்பவர்தான் இந்தப் பக்குவத்தை முதலில் கண்டுபிடித்தார் என்பது ஊர் வழக்கு. இன்றும் இத்தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள்.

ஊறப்போடுவது ஆற்றையும் கால்வாயையும் நம்பிய வேலை. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம். போகம் முடிந்து கால்வாயை அடைத்துவிட்டால் கோரைக்கட்டோடு ஆற்றுக்குத்தான் போக வேண்டும். ஆற்றுத் தண்ணீரைப் பற்றி யாரும் என்னிடம் பெருமையாக ஒன்றும் சொல்லவில்லை. சாக்கடை கலக்காத இடமாகப் பார்த்துப் போடுகிறோம் என்று மட்டும் சொன்னார்கள்.

பிறகு தறிக்கு வந்தோம். தரையில் முளையடித்து, இரண்டு மூங்கில்களுக்கு நடுவே பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பாவுக்கு மேலே ஒரு பலகை. அதன்மேல் குந்தியிருந்த இளம்பெண் நீளமான ஒரு குச்சியின் முனையில் கோரை இழையை மாட்டி, பாவுக்குள் செருகி இழுத்தாள். அச்சைத் தன் பக்கம் இழுத்து ஒரு தட்டு. ஓரத்தில் நீண்ட நுனியை மடக்கி உள்ளே திணித்தாள். அடுத்த இழை. நாடா ஓடுகிற துணித்தறியின் வேகம் இதற்கு வராது. ஊடை அறுபடாத நூல் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனிப் புல். அதனால் பாயின் அகலமும் புல்லின் நீளத்துக்குள் அடக்கம். நெய்ய நெய்யப் பலகை முன்னால் நகர்கிறது, பாய் பின்னால் வளர்கிறது.

பாவு நூலின் நெருக்கத்தை வைத்துத் தரம் சொல்கிறார்கள். நயமானவை 100, 120, 140 என்று ஏறிக்கொண்டே போகும். நூல் நெருங்க நெருங்கக் கோரையும் அதற்கேற்ப மெலிய வேண்டும். 140-இல் நெய்த பாயை வேட்டியைப்போல மடித்து வைக்கலாம், முறியாது. அந்த மாதிரி ஒன்றை முடிக்க ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிடும். அதுவும் சமையல், பிள்ளைகள், தண்ணீர்க்குழாய் எல்லாவற்றுக்கும் நடுவில். சிவப்புக்கு முன்னெல்லாம் சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சிச் சாயம் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடையில் வாங்கும் சாயப்பொடி.

எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்ற சேதியை ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். பத்திரிகைகளும் விடாமல் எழுதுகின்றன. எழுபது வருடமாக ஒரே சான்றிதழைக் காட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு அலுப்பு உண்டு. லண்டனுக்குப் போனதைவிட, நெல்லைச் சீமைக் கல்யாண வீடுகளுக்குள் இந்தப் பாய் போனதுதான் பெரிய விஷயம். சாதி, மதம் பார்க்காமல் சீர்வரிசையில் பத்தமடைப் பாய் இருக்கும். மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து கேட்பார்கள். இந்தத் தொழில் இன்றுவரை தாக்குப்பிடித்திருப்பது அந்த ஆர்டர்களால்தான்.

புவிசார் குறியீடும் 2012-13-இல் கிடைத்துவிட்டது. வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டிய பாய்க்குப் பத்தமடைப் பெயர் ஒட்டினால் சட்டப்படி கேட்கலாம். நல்லதுதான். ஆனால் பெயரைக் காக்கிற சட்டத்தால் கூலியை ஏற்ற முடியாது. எனக்குத் தெரிந்த அளவில் சிக்கல் இதுதான்: பேசுகிற கூலி பாய்க்கு. கீறிய நாளும் ஊறவைத்துக் காவலிருந்த நாளும் அதற்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. நெய்யப் பழக இளம்பெண்கள் வருகிறார்கள், கீறப் பழகத்தான் ஆள் இல்லை. நான் பார்த்த வீட்டில் நெய்கிறவளுக்கு நயமான கோரை கீற வராது. மாமியார் கீறிக்கொடுப்பதை நெய்கிறாள். "கை நெறையக் காயம். அத எவ பழகுவா?" என்று சிரித்தாள்.

பயிற்சி வகுப்புகளில் முரட்டுப் பாயை வெட்டிக் கைப்பை, ஃபைல் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை, மாசச் சாப்பாடு அதில்தான் நடக்கிறது. ஆனால் கைப்பைக்கு நயமான கோரை வேண்டியதில்லை. அந்தக் கத்திக்கு வேலை கொடுப்பது பட்டுப்பாய் ஆர்டர் மட்டுமே.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சாலையோரக் கடையில் அடுக்கிவைத்திருப்பதில் ஓரம் துணிவைத்துத் தைத்த பாய் பெரும்பாலும் விசைத்தறிச் சரக்கு. கைப்பாயில் கோரை நுனி ஓரத்திலேயே மடங்கி உள்ளே போயிருக்கும். பாவு எண்ணிக்கை 100-க்கு மேல் வேண்டுமென்றால் கடையில் தேடாதீர்கள். ஊருக்குள் போய், எண்ணிக்கையைச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். தை மாதக் கல்யாணம் என்றால் ஆடியிலேயே போய்விடுவது நல்லது. நெய்கிற நாள் போக, கோரை ஊறவே தனியாக நாள் வேண்டும். கூலியை மட்டும் பேரம் பேசாதீர்கள்.