புண் இல்லாத முதுகுக்குப் பரிசு

2019இல் வெளியான இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் எல்லோரும் பேசியது பசுவையும் எருமையையும் பற்றித்தான். கழுதைக்கு ஒரு பெட்டிச் செய்தி கிடைத்தது. 2012இல் ஏறத்தாழ 3.2 லட்சமாக இருந்த இந்தியக் கழுதைகள் ஏழே ஆண்டில் 1.2 லட்சமாகிவிட்டன, நூற்றுக்கு 61 போய்விட்டது. தமிழ்நாட்டில் சரிவு இன்னும் செங்குத்து: ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருந்த இடத்தில் ஆயிரத்து ஐந்நூறுகூட இல்லை. இந்தக் கணக்கைப் பழைய தொண்டை நாட்டில் இன்று தொழில்பேட்டையாக இருக்கும் மறைமலை நகரில் நின்றுகொண்டு படிப்பது பொருத்தம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகக் கூட்டம், வருகிறது. அது போகிற பெருவழியில் சுங்கம் வசூலிக்கிறார்கள், காவல் இருக்கிறது. இன்றும் அதே தொண்டை நாட்டில், பரனூர் சுங்கச்சாவடியில் சரக்கு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. சுங்கம் மாறவில்லை, சுமப்பவர் மாறிவிட்டார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் கனரக லாரிகளின் இடுக்கில் புகுந்து ஓடுகிற டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. அதற்கு நம் ஜனம் வைத்த பெயர் குட்டி யானை. கழுதையின் வேலையைக் கடைசியில் யானைதான் எடுத்துக்கொண்டது.

இந்தத் தொழில்பேட்டைப் பட்டையிலேயே ஆண்டுக்கு ஒருமுறை கழுதைக் கண்காட்சி நடத்த வேண்டும் என்பது என் வாதம். வேடிக்கைக்கு அல்ல, பந்தயத்துக்கு அல்லவே அல்ல. வளர்ப்பவரும் கால்நடை மருத்துவரும் வாங்குபவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் சந்திக்க வேறு வழி இல்லை என்பதற்காக. இது புதுக் கற்பனையும் இல்லை. குஜராத்தில் சபர்மதியும் வாத்ரக்கும் கூடும் வௌதாவில் கார்த்திகைப் பௌர்ணமிக்கும், மகாராஷ்டிரத்து ஜெஜூரியில் தை மாதத்தை ஒட்டி வரும் பௌஷ பௌர்ணமிக்கும் கழுதைச் சந்தை கூடுகிறது. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வதும், கத்தியவாடுக் கழுதைக்கு ஒரு விலை, உள்ளூர்க் கழுதைக்கு ஒரு விலை என்று பேரம் படிவதும் அங்கே தலைமுறைகளாக நடக்கிற காரியம். நம் அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தை குதிரைக்கும் மாட்டுக்கும் பேர் போனது. கழுதைக்கு அப்படியொரு சந்தை இங்கே பேர் எடுக்கவில்லை. சந்தை உள்ள இடத்தில் இனத்துக்குப் பெயர் இருக்கிறது. ஹலாரி, கச்சி, ஸ்பிட்டி ஆகியவை அதிகாரபூர்வமாகப் பதிவான இனங்கள். ராஜ்கோட் பக்கம் சினைப்பட்ட ஹலாரிக் கழுதைகளுக்கு வளைகாப்பே நடத்தினார்கள். தமிழ்நாட்டுக் கழுதை வெறும் கழுதை.

கண்காட்சி என்றால் எதற்குப் பரிசு கொடுப்பது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அழகுக்குக் கொடுத்தால் சாயம் பூசிக் கொண்டுவருவார்கள். வேகத்துக்குக் கொடுத்தால் அடித்துக் கொண்டுவருவார்கள். முதுகுக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படைப் புலவர் கழுதையின் நிமிர்ந்த காதோடு அதன் முதுகில் ஆழப் பதிந்த வடுவையும் பார்த்திருக்கிறார். பொதிக்கழுதையின் வாழ்க்கை முழுவதும் அந்த முதுகில் எழுதியிருக்கும். சுமை முதுகெலும்பின் மேல் நேராக உட்கார்ந்தால் புண் நிச்சயம். எலும்புக்கு இரண்டு பக்கமும் கெட்டித் திண்டு வேண்டும், நடுவில் காற்று ஓட இடைவெளி வேண்டும். நடைமுறையிலோ பெரும்பாலும் பழைய சாக்கை நாலாக மடித்துப் போடுவதோடு சரி. துவைத்த துணி மூட்டை என்றால் தண்ணீர் சொட்டிச் சாக்கு ஊறும், தோல் இளகும், உரசல் புண்ணாகும், ஈ மொய்க்கும். மூட்டை முன்னால் சரியாமலிருக்க வாலுக்கு அடியில் கொடுத்து இழுக்கும் கயிறு அங்கே இன்னொரு புண்ணை வைக்கும். துணி சுற்றிய கயிறும் ஒழுங்காகத் தைத்த திண்டும் இதில் பாதியைத் தடுத்துவிடும். பெரிய செலவு இல்லை, ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 1965ஆம் ஆண்டுப் பொதிவிலங்கு வதைத் தடுப்பு விதிகளின்படி கழுதைக்கு உச்ச சுமை 50 கிலோ. செங்கல் ஒன்று மூன்று கிலோ என்றால் பதினாறு கல். வெயில் 37 டிகிரியைத் தாண்டினால் நண்பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது. செங்கல்பட்டுக் கோடையில் இந்த விதியை மதித்தால் நண்பகல் எல்லாம் ஓய்வுதான். கண்காட்சித் திடலில் ஒரு தராசை நிறுத்திப் பதினாறு கல்லை அடுக்கிக் காட்டினால் போதும், விதிப் புத்தகம் செய்யாததை அது செய்யும்.

லண்டனில் இதற்கு முன்மாதிரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோல்டன் லேன் பகுதித் தள்ளுவண்டி வியாபாரிகளிடையே கழுதைக் காட்சிகள் நடந்தன. நன்றாகப் பராமரித்த கழுதைக்குப் பரிசு. சீர்திருத்தவாதியான ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்த வியாபாரிகளுக்கு ஆதரவாக நின்றார். வியாபாரிகள் நன்றிக்கடனாக அவருக்கு ஒரு கழுதையையே பரிசளித்தார்கள். 1967இல் பிரிட்டனில் கழுதைக் காட்சிச் சங்கம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்புதான் பிற்பாடு கழுதை இனச் சங்கமானது. காட்சிக்காகக் கூடியவர்கள் இனத்தின் பதிவேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

குட்டி யானை வந்த பிறகு கழுதை எதற்கு என்பது முதல் ஆட்சேபம். சமவெளியில் நியாயமான கேள்வி. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில்கூட தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல்தான் ஏறியது. தவிரவும், வேலை போனால் கணக்குத் தீர்த்து அனுப்புவது தொழில்பேட்டை வழக்கம். ஃபோர்டு தன் மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாக 2021இல் அறிவித்தபோது தொழிலாளர்கள் போராடினார்கள், இழப்பீட்டுப் பேச்சு மாதக்கணக்கில் நடந்தது. கழுதை வைத்துப் பிழைத்தவருக்கு வேலை போனதை யாரும் அறிவிக்கக்கூட இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் கழுதை என்றதும் வண்ணார் சமூகத்தைச் சுட்டுகிற பழக்கம் இருக்கிறது. கழுதை என்பதே வசவு. கழுதையை மேடையேற்றினால் பழைய சாதிப் பெயரையும் சேர்த்து மேடையேற்றுவதாகாதா? ஆகும், கவனமாக இல்லாவிட்டால். இஸ்திரிக் கடைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்விட்ட குடும்பத்தை ‘பாரம்பரியம்’ என்று சொல்லித் திரும்ப அழைக்க எவருக்கும் உரிமை இல்லை. கண்காட்சியின் பதிவுப் படிவத்தில் கழுதையின் வயது, நிறம், வேலை இருந்தால் போதும். உடையவரின் சமூகம் எதற்கு? இன்றைக்குக் கழுதை வைத்திருப்பவருக்கானது இந்த ஏற்பாடு. நேற்று வைத்திருந்தவரின் பேரனைத் தேடிப் பிடிப்பதற்கானது அல்ல.

பால் இருக்கிறதே, சந்தையே கழுதையைக் காப்பாற்றிவிடாதா என்பார்கள் சிலர். தெருவில் கழுதைப்பால் விற்பவரைப் பார்த்தவர்களுக்கு அதன் அளவு தெரியும். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் அதை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றுவார். ஒரு கழுதை நாளெல்லாம் தருவது ஒரு லிட்டர் வந்தாலே அதிகம். ஈனுவதற்கோ ஓராண்டு சினை. அதுவும் வாங்குவது பெரும்பாலும் பச்சிளங்குழந்தைக்கு, சளி போகும், குரல் வளம் வரும் என்று. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று மருத்துவம் சொல்கிறது. காய்ச்சாத பால் நிச்சயம் வேண்டாம். இந்தச் சின்ன ஊற்றின் மேல்தான் இடைத்தரகர்கள் கோட்டை கட்டினார்கள். லிட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை, சோப்பு, அழகு கிரீம் என்று ஆசை காட்டிக் கழுதைப் பண்ணைக்கு முதலீடு வாங்கி ஏமாற்றிவிட்டதாக 2024இல் ஆந்திர, தெலங்கானா விவசாயிகள் புகார் கொடுத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஒன்றிய அரசு தேசியக் கால்நடை இயக்கத்தில் கழுதையையும் சேர்த்தது: மூலதனத்தில் பாதி, 50 லட்சம் வரை மானியம். மூன்று கழுதை வைத்திருப்பவர் அந்த மீதிப் பாதிக்கு எங்கே போவார்? மானியம் முதலீட்டாளருக்கு, சாக்குத் துணியும் புண்ணும் உழைப்பவருக்கு. எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது என்பதை மறைக்கவில்லை. இன்னொரு தரகர் கூட்டம் தோலுக்கு அலைகிறது. சீனத்து எஜியாவோ மருந்துக்காகத் தோல் உரிக்கும் வணிகத்துக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2024இல் தடை விதித்தது. கண்காட்சியில் அடையாள எண்ணோடு பதிவான கழுதையைத் திருடி விற்பது அத்தனை சுலபமில்லை. விலை என்ன என்று நாலு பேர் முன்னால் கேட்டுத் தெரிந்துகொண்டவரை ஏமாற்றுவதும் அப்படித்தான்.

நடத்துவதற்கு இடம் தேடி அலைய வேண்டாம். மறைமலை நகரை ஒட்டிய காட்டாங்கொளத்தூர் பக்கம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குதிரைக் குடும்பத்தைத் தாக்கி மனிதருக்கும் தொற்றுகிற கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு கழுதையையும் திடலுக்குள் விடக் கூடாது. குளம்பு சீவுவது, குடற்புழு மருந்து, ரணஜன்னித் தடுப்பூசி எல்லாம் அன்றைக்கே இலவசமாக முடிந்துவிட வேண்டும். நாள், தை அல்லது மாசி. சித்திரையில் வைத்தால் 37 டிகிரி விதியை நடத்துபவர்களே மீறியதாகும். நடுவர்கள் இருவர் போதும்: ஒரு கால்நடை மருத்துவர், கழுதையோடு முப்பது வருஷம் நடந்த ஒருவர். ஒரு நாள் கூலியை இழந்து கழுதையோடு வருகிறவருக்குப் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் கூலியும் வண்டி வாடகையும் வாசலிலேயே கையில் கிடைத்துவிட வேண்டும். மலைக் கழுதைகளை இவ்வளவு தூரம் லாரியில் ஏற்றி வரச் சொல்வது சரியில்லை. அவற்றுக்காக மருத்துவரும் தராசும் தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கம் போகட்டும்.